எண்ணித் தைத்ததை ஏலம் விடலாமா?

(பங்கின் பொன்விழாவையொட்டி மாதா சங்கத்தார் அமைத்த கைவேலைக் கண்காட்சியைத் திறந்து வைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

ஏலம் எத்தனை மணிக்கு என்று பின்வரிசையில் காத்திருக்கும் விழாக் குழுப் பெரியோர்களே,

ஏலம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதற்கென்றே வந்தவர்கள் தேநீர் அருந்திவிட்டுப் புறப்படலாம். ஆயினும் ஏன் கிடையாது என்பதையும் கேட்டுவிட்டுப் போவீர்களானால் நமக்கு மகிழ்ச்சி.

இந்த மண்டபத்து மேசைகளில் பரப்பி வைத்திருப்பவை பெரும்பாலும் கிராஸ் ஸ்டிச் வேலைகள். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் இதைக் குறுக்குத் தையல் என்றும் பெருக்கல் தையல் என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். தலையணை உறைகள், மேசை விரிப்புகள், கைக்குட்டைகள், செபப் புத்தகத்தில் வைக்கும் அடையாள நாடாக்கள், குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் தைத்துச் சட்டமிட்ட துணிகள் எனப் பலவும் உள்ளன. போன மாதம் விழாக் குழுக் கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்து, "சாமி, இதையெல்லாம் ஏலத்துல உட்டா மண்டபத்துக் கூரைக்கு ஆகுமுங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நம் பங்கில் ஏலம் புதிதல்ல. திருவிழா அன்று காணிக்கையாக வரும் சேவலும் ஆட்டுக்குட்டியும் வாழைத்தாரும் ஏலம் போகின்றன. முந்நூறு ரூபாய்ச் சேவலை மூவாயிரத்துக்கு எடுத்து, அதையும் கோயிலுக்கே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தின் மேல் நமக்கு யாதொரு குறையும் இல்லை. சேவலுக்குச் சந்தையில் விலை உண்டு. விலைக்கு மேலே கொடுப்பது காணிக்கை. ஆனால் இந்த மேசையில் இருப்பவற்றுக்கு முதலில் என்ன விலை வைப்பது? அங்கேதான் நமக்கு யோசனை வந்தது.

இந்தத் தையலை அறியாத ஆண்மக்களுக்காகச் சற்று விளக்குவோம். கட்டம் கட்டமாகத் தெரியும்படி நெய்த துணி ஒன்று உண்டு. மேட்டி துணி என்று கேட்டால் பெரிய கடை வீதிப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் கொடுப்பார்கள். இன்னும் சீரான கண்கள் உள்ளது ஐடா துணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு மூலையில் நான்கு துளை. கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு தையல். அதன் மேலே குறுக்காக இன்னொன்று. ஒரு பெருக்கல் குறி ஆயிற்று. வித்தை இவ்வளவே. மீதியெல்லாம் எண்ணிக்கைதான். கட்டம் போட்ட தாளில் உள்ள படத்தைப் பார்த்து, சிவப்பில் ஏழு, பச்சையில் மூன்று, ஒரு கட்டம் விட்டு மறுபடி சிவப்பு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

நம் கோயம்புத்தூரில் கவுண்ட் என்றால் எல்லாரும் நூலின் நம்பரைத்தான் நினைப்பார்கள். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று ஆலைக்காரர் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். இந்தத் துணியில் கவுண்ட் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்ற கணக்கு. பதினான்கு கவுண்ட் துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம். நான்கு அங்குலச் சதுரத்தில் ஒரு பூங்கொத்தை நிரப்பிப் போட்டால் 56-ஐ 56-ஆல் பெருக்க வேண்டும், 3,136 குறிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தையல், ஆக 6,272 தையல்கள். மணிக்கு நூற்றைம்பது குறி போடும் கை என்று வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இருபத்தொரு மணி நேரம். எண்ணிக்கை தப்பிப் பிரித்துப் போடும் நேரம் இதில் சேரவில்லை. துணிக்கும் நூலுக்கும் ஆகிற செலவோ ஓட்டலில் ஒரு பிரியாணிக்கு ஆகிறதைவிட அதிகமிராது.

இருபத்தொரு மணி நேரத்துக்கு நம் ஊர்க் கூலிக் கணக்கில் விலை போட்டால் வாங்க ஆள் இராது. மெஷினில் போட்ட பூ இதைவிடப் பளிச்சென்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது. நாலைந்து பேர் கேட்டு முந்நூறு ரூபாயில் ஏலம் நின்றுவிட்டால், தைத்த தாய் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் உள்ளது ஐந்நூறுக்குப் போய்விட்டாலோ, அடுத்த ஞாயிறு முதல் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். சிரிக்கிறீர்கள். நம் பங்கை நாம் அறிவோம்.

கொங்கு நாட்டார் எதைக் கண்டாலும் அதில் ஒரு தொழிலைக் காண்பவர்கள். இது இகழ்ச்சியன்று. 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலை இங்கே தோன்றியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்த பின் ஆலைக்கு மேல் ஆலை எழுந்தது. ஆலைக்கு உதிரிப் பாகம் செய்யப் பட்டறை, பட்டறையிலிருந்து மோட்டார், பம்பு செட் என்று ஊர் வளர்ந்தது. பக்கத்துத் திருப்பூரில் பனியன் தைத்து உலகத்துக்கே உடுத்துகிறோம். இலாபத்தைக் காணும் அந்தக் கண் நமக்குச் சோறு போட்ட கண். ஆனால் அதே கண்ணால் வீட்டுக்குள்ளும் எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கினால் சங்கடம் பிறக்கிறது. ஒரு பெண் வேலையெல்லாம் முடித்து இராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து நாலு பூ போடுகிறாள். "இதை வித்தா எவ்வளவு போகும்?" என்கிறார் கணவர். "கடையிலயே கெடைக்குதே அம்மிணி, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கறே?" என்கிறார் மாமியார். "படம் புடிச்சு ஆன்லைன்ல போட்டா ஆர்டர் வருமேம்மா" என்கிறான் மகன். மூவருமே அன்பாகத்தான் கேட்கிறார்கள். "நல்லாயிருக்குதே, யாருக்கு?" என்று கேட்கத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை.

விற்பதே தவறு என்று நாம் போதிக்க வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் தமிழகத்துத் திருச்சபையின் வரலாறே நம்மை மறுக்கும். நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசைக் கொண்டு தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தெர் தொடங்கிய கன்னியர் சபையும் ஆதரவற்ற பெண்பிள்ளைகளின் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்தது. முளகுமூட்டு லேஸ் கடல் கடந்து பெயர் பெற்றது. அங்கெல்லாம் விலை என்பது விடுதலை. அந்தப் பெண்களிடம் போய், "இதை அன்பளிப்பாகக் கொடு" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதே சமயம், விற்பனைக்கென்று ஊசி பிடிப்பவரின் பாடு வேறு. சிறுமலர் தெரேசம்மாளின் தாயார் செலி மார்த்தேன் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். பிரான்சு நாட்டு அலோன்சோன் நகரில் 1853-ன் இறுதியில் லேஸ் தொழில் தொடங்கியவர். கெட்டிக்காரர். தொழில் பெருகி, அவர் கணவர் லூயி 1870-ல் தம் கடிகாரக் கடையையே விற்றுவிட்டு மனைவியின் லேஸ் வியாபாரத்துக்குத் துணை நின்றார். ஆனால் அம்மையாரின் கடிதங்களைப் படித்தால், இந்த லேஸ் தம் உயிரை வாங்குகிறது என்ற பொருளில் அடிக்கடி சலித்துக்கொள்வதைக் காணலாம். ஆர்டர் வந்தால் தேதி வரும். தேதி வந்தால் தூக்கம் போகும். 1877-ல் புற்றுநோயால் இறக்கும் வரை அவர் அந்த வேலையை விடவில்லை. 2015-ல் கணவனும் மனைவியும் சேர்ந்தே புனிதர் பட்டம் பெற்றனர். உழைத்துச் சம்பாதித்த ஒரு தாயைப் புனிதராகக் கொண்டிருப்பது நமக்குப் பெருமையே. ஆனால் பொழுதுபோக்காக ஊசி எடுத்த ஒரு பெண்ணை அந்தத் தேதிக் கணக்குக்குள் தள்ளிவிட நமக்கு என்ன உரிமை?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விற்கச் சொல்லித் தொந்தரவு செய்கிறவர்கள் ஒரு பக்கம் என்றால், இலவசமாகக் கேட்கிறவர்கள் மறுபக்கம். "அக்கா, எம்பட மவ கலியாணத்துக்கு ரெண்டு தலகாணி உறை போட்டுக் குடுங்களேன், நீங்க சும்மாதானே இருக்கறீங்க?" சும்மா இருக்கிறவர் அறுபது மணி நேரம் குனிந்து உட்கார வேண்டும். கேட்டு வாங்குவதென்றால் கூலியைக் கேட்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அன்பளிப்பு என்பது கொடுப்பவருக்குத் தோன்ற வேண்டியது.

சரி, கொடுப்பவருக்கு அது எப்படித் தோன்றுகிறது? நாலு எடுத்துக்காட்டு சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, பழைய ஏற்பாட்டில் வரும் அன்னாள். பிள்ளைக்காக அழுது வேண்டி, பெற்ற மகன் சாமுவேலைச் சீலோவின் ஆலயத்தில் விட்டுவிட்டுப் போன தாய். ஆண்டுதோறும் பலி செலுத்த வரும்போது ஒரு சிறிய மேலங்கி தைத்துக் கொண்டுவந்து மகனுக்குக் கொடுப்பாள் என்று சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. பிரசங்கங்களில் நாம் அவளுடைய செபத்தைப் பற்றியே பேசுகிறோம்; அங்கியைக் கடந்து போய்விடுகிறோம். தையல் தெரிந்த தாய்மார்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஓராண்டாகக் காணாத பிள்ளைக்கு அளவு எப்படி எடுப்பது? போன முறை முழங்கால் வரை இருந்தது. இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான்? தோள் எத்தனை விரல் கூடியிருக்கும்? அந்த அங்கியைத் தைத்த நாளெல்லாம் அவள் மகனை மனதுக்குள் அளந்துகொண்டே இருந்திருப்பாள். நம் வீட்டுப் பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அளவு கேட்க இன்று போன் உண்டு. ஆனால் அளந்துகொண்டே இருப்பது போனில் முடிகிற காரியமா?

இரண்டாவது, இலண்டன் நகரில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு துணி. ஜேன் பாஸ்டாக் என்னும் பெண்மணி 1598-ல் தைத்தது. ஆண்டு குறித்த ஆங்கிலேயத் தையல் மாதிரித் துணிகளுள் இதுவே மிகப் பழையது. கிராஸ் ஸ்டிச்சும் வேறு பல தையல்களும் கொண்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அரசரையும் அல்ல, போரையும் அல்ல. ஆலிஸ் லீ என்ற பெண் குழந்தை 1596 நவம்பர் 23-ஆம் நாள் பிற்பகலில் பிறந்தாள் என்ற செய்தி. குழந்தை உறவுக்காரப் பிள்ளை என்று கருதுகிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குழந்தை பிறந்த வேளை அழியவில்லை. அதோ மூன்றாவது மேசையில் பேத்தியின் பெயரும் எடையும் பிறந்த நேரமும் தைத்து வைத்திருக்கிற பாட்டியம்மாள், தாம் எவ்வளவு பழைய வழக்கத்தைச் செய்கிறோம் என்று அறியாமலே செய்திருக்கிறார்.

மூன்றாவது ஆண்களுக்காக. ஊசி பெண்களின் சமாசாரம் என்று மீசையைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1941-ல், கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர் அலெக்சிஸ் காஸ்டாக்லி என்னும் ஆங்கிலேய மேஜர். கைதி முகாமில் பொழுது போகவில்லை. ஒரு துண்டுத் துணி கிடைத்தது. உடனிருந்த முதியவர் ஒருவரின் நைந்துபோன கம்பளிச் சட்டையைப் பிரித்து நூல் எடுத்துக்கொண்டார். அந்த டிசம்பரில் அழகாக ஒரு கிராஸ் ஸ்டிச் துணி தைத்தார். சிறை வைத்தவர்களுக்கே அது பிடித்துப்போய், முகாமில் காட்சிக்கு வைத்தார்கள். ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஓடுகிற அலங்கார வரிசை தந்தி மொழியென்பது அவர்களுக்குப் படவில்லை. அதில் தம் மன்னரை வாழ்த்தியிருந்தார். ஹிட்லரைத் திட்டியும் இருந்தார். திட்டிய சொல்லைக் கோயில் மண்டபத்தில் சொல்ல இயலாது. இது வீரக்கதை. நமக்கு இதைவிடப் பிடித்தது அவர் தம் சின்ன மகனுக்குத் தைத்து அனுப்பிய கடிதம். காகிதத்தில் எழுதாமல் துணியில் எழுத்து எழுத்தாகத் தைத்தது. உன்னைப் பார்த்து 1,581 நாட்கள் ஆயின என்று அதில் குறித்திருந்தார். கட்டங்களை எண்ணுகிற கை நாட்களையும் எண்ணியிருக்கிறது. உடனிருந்த அதிகாரிகளுக்கும் அவர் இந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தார். மகனும் பின்னாளில் ஊசி பிடித்தார்.

நான்காவது இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. ஜன்னலோரத்து மேசையில் ஒரு சாதாரணத் துண்டு, முனையில் ஒரு மயில். ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் பகுதி ஆலை ஒன்றில் வேலை செய்யும் பெண் தைத்தது. ஞாயிறு பூசைக்குப் பின் மாதா சங்கத்தார் உட்கார்ந்து தைப்பதைத் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தமிழ் வராது. நம் தாய்மார்களுக்கு இந்தி வராது. விரலைக் காட்டி எண்ணினார்கள். மூன்று விரல் சிவப்பு, இரண்டு விரல் நீலம். இரண்டு மாதத்தில் மயில் வந்துவிட்டது; போகிற போக்கில் "ஒண்ணு ரெண்டு மூணு"வும் வந்துவிட்டது. துண்டு அவள் தாயாருக்கு. கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போகிற தோழியிடம் கொடுத்து அனுப்பப் போகிறாள். விழாக் குழு நண்பர்களே, இதை ஏலத்தில் யார் கேட்பது? கேட்டு வாங்கினால்தான் அதை வைத்து என்ன செய்வது?

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆலையிலும் பனியன் கம்பெனியிலும் பத்து மணி நேரம் தைத்துவிட்டு வருகிற பெண்ணைப் பார்த்து, "வீட்டிலும் ஊசியை எடு, மனதுக்கு இதம்" என்று சொன்னால் அது கேலியாகும். அவளுக்கு இதம் படுத்துத் தூங்குவது. பொழுதுபோக்கு என்பது பொழுது உள்ளவர்களுக்கு. ஆகவே வீட்டில் ஒரு பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து தைக்க வேண்டுமானால் அந்த அரை மணி நேரம் பாத்திரத்தை வேறு யாராவது கழுவ வேண்டும். யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெண்பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு ஊசியைக் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. "அடக்கமாகத் தைத்துக்கொண்டிரு" என்பதே அன்றைய பாடம். அதை நாம் மீண்டும் அழைக்கவில்லை. மறைக்கல்வி விடுமுறை வகுப்பில் இந்தத் தையலைச் சொல்லிக் கொடுப்பதென்றால் பையன்களுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள் என்று சகோதரிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன கோடையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவின் கைக்குட்டைக்கு முதலெழுத்துப் போட்டான். எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது. அப்பா அதைத் தினம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறாராம். மூக்குத் துடைக்க மட்டும் வேறு கைக்குட்டை.

இந்த வித்தை வெள்ளைக்காரர் கொண்டுவந்து கொடுத்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தலைக்கு மேலே நிற்கிற நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்ததுதான். அங்கே தோடர் குலப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் போடுகிற பூவேலையைப் பார்த்திருப்பீர்கள். அது கிராஸ் ஸ்டிச் அன்று. இழையோட்டித் தைக்கும் வேறு வகை. ஆனால் அடிப்படை ஒன்றே. வரைந்துகொள்வதில்லை, தாளில் படம் இல்லை, வளையமும் மாட்டுவதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே முழுக் கோலமும் எழுந்து வருகிறது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி அப்படிச் செய்தது. சுமார் இரண்டாயிரம் பேரே உள்ள அந்த மக்களின் இக்கைவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அவர்களும் பையும் விரிப்பும் செய்து விற்கிறார்கள், நல்லது. ஆயினும் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் பூவேலை செய்த பூத்துக்குளியில் போர்த்தியே அனுப்புகிறார்கள். அந்தத் துணிக்கு அங்கே விலை கேட்பார் யார்?

நம் சமவெளிப் பெண்களுக்கும் எண்ணிக்கை புதிதல்ல. புள்ளிக் கோலம் போடுகிற கை எல்லாமே இந்தத் தையலுக்கு ஏற்கனவே பழகிய கைதான். பதினைந்து புள்ளி, எட்டு வரை ஊடுபுள்ளி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்த நோட்டே போதும். டிசம்பர் மாதம் வாசலில் போடுகிற நட்சத்திரக் கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி மேட்டி துணியில் எடுத்திருக்கிறார் நம் அன்பிய அக்கா ஒருவர். வாசல் கோலம் காலையில் போட்டு மாலையில் அழிகிறது. இது கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கப் போகிறது.

இனி, தொடங்க விரும்புவோருக்குச் சில சொற்கள். தையல் டீச்சர்களும் சகோதரிகளும் நமக்குச் சொன்னவற்றையே திருப்பிச் சொல்கிறோம். ஊசி முனை மழுங்கியதாகவும் காது பெரியதாகவும் இருக்கட்டும். குத்திக் கிழிக்க வேண்டியதில்லை, துளைதான் இருக்கிறதே. ஆங்கர் நூலோ பிரெஞ்சு நாட்டு டி.எம்.சி. நூலோ, ஒரு கட்டில் எட்டு மீட்டர், ஆறு இழை சேர்ந்து வரும். பதினான்கு கவுண்ட் துணிக்கு இரண்டு இழை பிரித்தெடுத்தால் போதும். ஒரு முழத்துக்கு மேல் நூல் வெட்டாதீர்கள், சிக்கும், மங்கும். துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்; ஓரத்தில் தொடங்கினால் பூ பாதியில் துணி தீர்ந்துபோகும். மேலே வருகிற குறுக்குத் தையல் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். இந்த ஒன்றைக் கவனித்தால் வேலையில் பாதி அழகு வந்துவிடும். முடிச்சுப் போடாமல் நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்குள் செருகிவிடுங்கள். தலையணை உறையில் முடிச்சு இருந்தால் கன்னத்தில் உறுத்தும். சிவப்பு நூலைத் தைக்கும் முன்பே ஈரப் பஞ்சில் ஒற்றிச் சாயம் போகிறதா பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பகல் வெளிச்சத்தில் தையுங்கள்.

எதைத் தைப்பது என்பதில் ஆசை பெரிதாக இருக்க வேண்டாம். முதல் முறையே இராப்போசனக் காட்சியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு அப்போஸ்தலரில் மூவரோடு நின்றுபோன துணிகள் பல வீட்டுப் பீரோவில் உள்ளன. ஒரு புத்தக அடையாள நாடா இரண்டு மூன்று மாலையில் முடியும். கைக்குட்டை முனையில் ஒரெழுத்து ஒரே மாலையில் முடியும். கிறிஸ்துமசுக்குக் கொடுக்க வேண்டுமானால் ஆடியிலேயே தொடங்குங்கள். டிசம்பரில் தொடங்கினால் ஈஸ்டருக்குக் கொடுக்கலாம். முன்பெல்லாம் ரேடியோவுக்கும் டி.வி.க்கும் உறை தைத்தார்கள். இப்போது டி.வி. சுவரில் ஒட்டிக்கொண்டது, உறை போட இடமில்லை. வாங்குபவர் அன்றாடம் கையில் எடுக்கிற பொருளாகப் பார்த்துச் செய்யுங்கள். அப்பச்சிக்கு மூக்குக் கண்ணாடிப் பை, ஆத்தாவுக்குச் செபமாலைப் பை, கல்லூரி விடுதிக்குப் போகிற பெண்ணுக்குத் தலையணை உறை.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல் பயன்படுத்துங்கள். துவைத்தால் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். நல்ல நூல் துவைப்பைத் தாங்கும். திருப்பலியில் பாத்திரம் துடைக்கும் சிறு துணியின் நடுவே சிவப்பு நூலில் ஒரு சிலுவைக் குறி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் கோயிலில் அவற்றைத் தைத்துக் கொடுத்தவர்களில் இருவர் இன்று நம்மிடையே இல்லை. துணிகள் வாரந்தோறும் துவைக்கப்பட்டு, இஸ்திரி போடப்பட்டு, பீடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

தையலின் பின்பக்கத்தைக் காட்டி, அங்கே சிக்கலாய்த் தெரிவது முன்பக்கத்தில் அழகாய் இருக்கிறது பாருங்கள், இறைவனின் திட்டமும் அப்படியே என்று பிரசங்கம் செய்வது குருக்களின் வழக்கம். குருமட நாளிலிருந்தே அதைக் கேட்டு வருகிறோம். இன்று அதை விட்டுவிடுகிறோம். நம் தாய்மார்கள் சிலரின் பின்பக்கம் முன்பக்கத்தைப் போலவே சுத்தமாக இருப்பதால் அந்த உவமை இங்கே செல்லாது.

மண்டபத்துக் கூரை விஷயம். விழாக் குழு வருந்த வேண்டாம். சேவல், ஆடு, வாழைத்தார் ஏலம் வழக்கம்போல் திருவிழா அன்று உண்டு. விற்பனைக்கென்றே செய்த பொருட்கள் வாசலருகே தனி மேசையில் விலைச் சீட்டோடு உள்ளன. செய்தவருக்குக் கூலி போக மீதி கூரை நிதிக்கு. பெயர் எழுதிய பொருட்கள் எல்லாம் அந்தந்தப் பெயர்க்காரருக்கே போகும். யாருக்கென்று எழுதாமல் நீல மேசை விரிப்பு ஒன்று மட்டும் வந்திருக்கிறது. செய்தவர் யார், யாருக்குச் செய்தது என்று சகோதரியிடம் சொல்லிவிடவும்.

கண்காட்சி ஞாயிறு மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும். துணிகளைத் தொட்டுப் பார்க்கலாம். தொடுமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், முறுக்கு தின்ற கையோடு வேண்டாம். பழகிக்கொள்ள விரும்புவோர் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் இதே மண்டபத்துக்கு வரலாம். அரை மீட்டர் மேட்டி துணி கொண்டுவந்தால் போதும், ஊசியும் நூலும் இங்கே இருக்கின்றன. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பெண்கள், இரண்டு பையன்கள், ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மயில் போட எத்தனை நாளாகுமுங்க சாமி?"